விடு என்பதற்கு வாக்கியங்கள்

பசுமலை,
5-11-1934

கர்த்தருக்குள் பிரியமான தங்கத்துக்கு,

நான் சுகம். நீயும் பாப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் தமிழ் சொல்லிக்கொடுக்கும் வெள்ளைக்காரத் துரைசானி அம்மாளுக்கு டிசம்பரில் தமிழ்ப் பரீட்சை. அவர் தேறினால் என்னை நிரந்தர முன்ஷியாக வைத்துக்கொள்வார்கள். மிஷன் காம்பவுண்டுக்குள் வீடும் கிடைக்கும். உங்கள் இருவரையும் உடனே அழைத்துவந்துவிடுவேன். பிரசவத்துக்குப் போன பெண் இன்னுமா தாய்வீட்டில் இருக்கிறாள் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

இப்போது அந்த அம்மாளைப் பாடாய்ப் படுத்துவது ‘விடு’ என்ற சொல். மழையும் விடுகிறது, பள்ளிக்கூடமும் விடுகிறது, மூச்சும் விடுகிறீர்கள், இது என்ன நியாயம் என்கிறார். உங்கள் எழுமலைப் பக்கம் எப்படியெல்லாம் சொல்வார்கள்? வாக்கியம் வாக்கியமாக எழுதி அனுப்பு.

பாப்பாவின் ஞானஸ்நானத்தை நான் வந்ததும் வைத்துக்கொள்வோம். என் அம்மா பெயரை வைத்தால் நீ சண்டைக்கு வருவாய் என்று தெரியும். அதையும் வந்து பேசிக்கொள்வோம்.

உன்,
சத்தியசீலன்


எழுமலை,
10-11-1934

அன்புள்ள அத்தானுக்குத் தங்கம் ஸ்தோத்திரத்துடன் எழுதியது.

பாப்பா குப்புற விழுந்து தலையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறாள். அப்பாவைத் தேடுகிறாள் என்கிறாள் அம்மா. ஒரே ஒரு தடவை பார்த்த அப்பாவை எப்படித்தான் தேடுவாளோ.

நீங்கள் கேட்ட வாக்கியங்கள். அப்பா மாட்டை அவிழ்த்து விட்டார். விருந்தாளி வந்ததும் அம்மா குழம்பில் தண்ணீர் விட்டாள். பக்கத்து வீட்டுச் சின்னத்தாய் அக்கா ஊரெல்லாம் கதை விட்டுக்கொண்டு திரிகிறாள். பெண்டாட்டியைத் தாய்வீட்டில் விட்டவர் திரும்பி எட்டிப் பார்க்கவில்லை.

கடைசி வாக்கியத்தைத் துரைசானி அம்மாளிடம் சொல்ல வேண்டாம்.

பெயருக்காக நான் சண்டை போட மாட்டேன். நீங்கள் வந்தால் போதும்.

தங்கள் அன்புள்ள,
தங்கம்


பசுமலை,
16-11-1934

பிரியமுள்ள தங்கத்துக்கு,

உன் வாக்கியங்களைப் படித்துத் துரைசானி அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். கடைசி வாக்கியத்தையும் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. உங்களைவிட உங்கள் மனைவிதான் நல்ல முன்ஷி என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இன்னும் வேண்டும். ‘விட்டு விட்டு’ என்று இரண்டு தடவை சேர்ந்து வருவதை எப்படி விளக்கினாலும் அவருக்குப் பிடிபடவில்லை. நீளக் கடிதம் வேண்டாம். வாக்கியங்களை மட்டும் ஒரு கார்டில் எழுதிப் போடு. கிறிஸ்துமஸுக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வருகிறேன்.

சத்தியசீலன்


எழுமலை,
21-11-1934

அத்தானுக்கு,

பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு அடிக்கிறது. பால் குடிப்பதை விட்டுவிட்டாள். கண்ணுச்சாமி வைத்தியர் கைவிட்டுவிட்டார். உசிலம்பட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகலாம் என்றால் மழை விட மாட்டேன் என்கிறது. போட்டது போட்டபடி விட்டுவிட்டு உடனே வாருங்கள்.

தங்கம்


பசுமலை,
24-11-1934

என் அருமைத் தங்கத்துக்கு,

கார்டு கிடைத்தது. உன் கெட்டிக்காரத்தனத்தை என்னவென்று சொல்ல! வாக்கியத்துக்கு வாக்கியம் ‘விடு’. அதுவும் தனித்தனியாக இல்லாமல் ஒரு கதை போலவே கோத்திருக்கிறாய். மத்தியானம் அதை அப்படியே பாடமாக நடத்தினேன். ‘விட்டு விட்டு’ இப்போது அந்த அம்மாளுக்கு நன்றாகப் புரிந்துவிட்டது.

ஒரு வேடிக்கை கேள். வாசித்து முடித்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “முன்ஷி, அந்தக் குழந்தை பிழைத்ததா?” என்று கேட்டார். அது வாக்கியத்துக்காக எழுதியது அம்மா என்று சொல்லிச் சிரித்தேன்.

ஆனாலும் இனிமேல் பாப்பாவை வைத்து இப்படி எழுதாதே. எனக்கே மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. காம்பவுண்டில் வேப்பமரத்தை ஒட்டினாற்போல் ஒரு வீடு காலியாகிறதாம். நமக்குத்தான் அது.

உன்,
சத்தியசீலன்


எழுமலை,
28-11-1934

சத்தியசீலன் அவர்களுக்குத் தங்கம் எழுதியது.

பாப்பா வெள்ளிக்கிழமை விடியற்காலம் இறந்துபோனாள். மழை அன்றைக்குத்தான் விட்டது.

முந்தின நாளே உபதேசியார் வந்து ஞானஸ்நானம் கொடுத்தார். பெயர் கேட்டார். உங்கள் அம்மா பெயரையே சொன்னேன், ஞானப்பூ என்று. அந்தப் பெயரைச் சொல்லி அவளை ஒரு ராத்திரிதான் கூப்பிட்டேன்.

உங்களுக்கு ஆள் விடட்டுமா என்று அப்பா கேட்டார். “கார்டு போட்டிருக்கேன்ப்பா, வந்துக்கிட்டு இருப்பாரு” என்றேன். சாயங்காலம் வரைக்கும் அவளை எடுக்க விடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ் வரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி பஸ்ஸிலும் நீங்கள் வரவில்லை.

நேற்று உங்கள் கடிதம் வந்தது. மாப்பிள்ளை என்ன எழுதியிருக்கிறார் என்று அப்பா கேட்டார். வாசித்துக் காட்ட எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் கெட்டவர் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் இனி நான் எதை எழுதினாலும், எதற்காக அழுதாலும், நீங்கள் அதில் வாக்கியம் பார்ப்பீர்கள் என்றுதான் தோன்றும். அந்தப் பயத்தோடு ஒரு வீட்டில் என்னால் இருக்க முடியாது. கிறிஸ்துமஸுக்கு வர வேண்டாம். வேப்பமரத்து வீட்டில் நீங்கள் சுகமாக இருங்கள்.

குழந்தை பிழைத்ததா என்று கேட்டது அந்த அம்மாள் ஒருவர்தான். பிழைக்கவில்லை என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

தங்கம்