ஊளை 800-இலிருந்து 1,020 வரை

நிலவுக் குடியிருப்பு, மூன்றாம் மண்டபம். கூரையடி ஒலிக்கூண்டுக் குறிப்பேடு. எழுதுவது: மரியசூசை, ஒலிப் பொறுப்பு.

10:05
மண்டபத்தில் 212 பேர்; வாசலில் எண்ணி உறுதி செய்தது. தண்ணீர்ப் பங்கீட்டுக் கூட்டம். ஒலி மட்டம் சரிபார்த்தேன். ஊளை இல்லை.

10:20
மேடைப் பொறுப்பாளர் தங்கபுஷ்பம் இரண்டு ஸ்பீக்கர்களை மேடையைப் பார்க்கத் திருப்பிவிட்டார். அதிலிருந்து வரும் சத்தத்தை மைக் மறுபடி வாங்கி ஊளையிடும் என்றேன். வாக்கிடாக்கியில் பதில்: "தலைவருக்கு அவுக சத்தம் அவுகளுக்கே கேக்கணும் அண்ணாச்சி. இல்லன்னா பேச்சு வராது. சமாளிங்க."

10:31
ஊளை. 800 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்ணை மட்டும் வெட்டினேன், நின்றது. தலைவர் மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கிறார். பொத்தினால் ஊளை கூடும் என்று எத்தனை கூட்டத்தில் சொல்வது?

10:38
மறுபடி ஊளை. 826. வெட்டினேன். யாரோ ஸ்பீக்கரை நகர்த்துகிறார்கள் என்றேன். "ஒருத்தரும் தொடல. நான் பாத்துக்கிட்டேதான் நிக்கேன்."

10:44
861. வெட்டுவதற்குள் 870. தலைவரின் குரல் கீச்சென்று மெலிந்துவிட்டது. கூட்டம் சிரிக்கிறது. மைக்கிலேயே திட்டுகிறார்: "யோவ் சவுண்டுக்காரரே, என் தொண்டைய என்னவே பண்ணுதீரு?"
நான் எதையும் தொடவில்லை.

10:47
903. ஸ்பீக்கர் நகரவில்லை, வெப்பம் மாறவில்லை. அப்படியானால் ஒலிதான் வேகமாக ஓடுகிறது. காற்று மாறியிருக்கிறது. சுவருக்குப் பின்னால் ஹீலியம் குழாய்; அந்த லேசான வாயுவில் ஒலி வேகமாக ஓடும், குரலும் கீச்சிடும். கசிந்தால் கூரையில் சேர்ந்து, மூச்சுக்காற்றைத் தள்ளிக்கொண்டு கீழே இறங்கும்.
வாயு அறைக்கும் தங்கபுஷ்பத்துக்கும் சொன்னேன். "வாசல் மானி பச்சையாத்தானே இருக்கு அண்ணாச்சி!" காற்றை அளக்கும் அந்த மானி தரையோரம் இருக்கிறது; ஹீலியம் அங்கே கடைசியில்தான் எட்டும்.

10:50
அறிவிக்க முடியவில்லை. தலைவர் மைக் திறந்திருக்கும்வரை என் மைக் பேசாது. அதை அணைக்கும் சாவி அவர் சட்டைப்பையில்; போன கூட்டத்தில் நான் பேச்சைக் குறுக்கினேன் என்று சபை எடுத்த முடிவு. மட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் மட்டுமே எனக்கு அனுமதி.
கூட்டுகிறேன்.

10:52
எல்லா வெட்டுகளையும் எடுத்துவிட்டேன். மட்டம் உச்சத்தில். இருபத்தாறு வருடத்தில் இப்படி ஒரு ஊளையை நானே வளர்த்ததில்லை. காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறார்கள். முதல் ஆளாகத் தலைவர்.

10:59
"ஒரு ஆளு பாக்கியில்ல அண்ணாச்சி, எல்லாரும் வெளிய. அத்தன பேரும் உங்களத்தான் ஏசுதாவ. இறங்கி வாங்க."
ஏணியில் இரண்டு படி இறங்கினேன். கண் இருட்டியது. ஏறி வந்துவிட்டேன். தப்பு. கீழேதான் நல்ல காற்று.

11:04
கூண்டுத் தரையில் படுத்து எழுதுகிறேன். விரல் மரத்துவிட்டது. ஊளை 1,020. "பேசிக்கிட்டே இருங்க அண்ணாச்சி. தூங்கிராதிய, கேக்குதா?" கேட்கிறது. அவர் குரல் மட்டும் மெலியவில்லை, வெளியே நிற்கிறார்.

11:09
வாயு அறை தகவல்: குழாய் அடைப்பு இன்னும் முடியவில்லை. முகமூடிக் குழு 11:20-க்கு வரும். இப்போது மணி 11:1