இரண்டாவது வளைவின் கேமரா

பிப்ரவரி 3

மலையாடுகளுக்கே வாழ்க்கைப்பட்டுவிட்ட என் வீட்டுக்காரருக்கு,

நான் நலம். நீங்களும் நலம் என்று நானே நினைத்துக்கொள்கிறேன். போன இரண்டு கடிதங்களிலும் ஆடுகளின் நலம்தான் இருந்தது.

துறைமுக நகரத்தில் திறக்கும் புது ஆஸ்பத்திரிக்கு என்னைத் தலைமை நர்ஸாகக் கூப்பிடுகிறார்கள். மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். நீங்கள் வனத்துறையில் மாற்றல் வாங்கிக்கொண்டு கீழே வருவதாக இருந்தால் அந்த வேலை வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். வருவீர்களா, மாட்டீர்களா? எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நேற்று ஒரே நோயாளிக்கு அடுத்தடுத்து இரண்டு தடவை காய்ச்சல் பார்த்தேன். "என்ன சிஸ்டர், அதுக்குள்ள ஏறிடுச்சா?" என்று அவர் பயந்துவிட்டார்.

தயவுசெய்து 'பார்க்கலாம்' என்று மட்டும் எழுதாதீர்கள்.

உங்கள்
நர்ஸம்மா


பிப்ரவரி 8

கோபக்கார நர்ஸம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படிப்பதும் எழுந்து நடப்பதுமாக இருக்கிறேன். "தரை தேஞ்சிடும் சார்" என்கிறார் உடனிருக்கும் காவலர்.

ஆனால் பார், ஆடுகள் ஈனத் தொடங்கிவிட்டன. முந்தாநாள் ஒருவர் போட்டோ எடுக்கக் கிட்டே போனதில் தாய் மிரண்டு ஓடியது. பின்னால் ஓடிய குட்டி பாறையிலிருந்து விழுந்து செத்தது. அதனால் பன்னிரண்டாம் தேதியிலிருந்து மலைப்பாதையின் இரண்டாவது வளைவுக்கு மேல் யாருக்கும் அனுமதியில்லை. தினமும் பார்க்க வரும் அறுபது பேரும் வளைவில் கட்டப்போகும் கயிறு வரைதான். பலகையை நானே எழுதினேன். நான் எதிர்ச்சரிவுக் குடிலிலிருந்து பைனாகுலரில் எண்ணுகிறேன். பத்து மணிக்கெல்லாம் மூடுபனி ஏறிவிடுகிறது.

குட்டிகள் கால் ஊன்றட்டும். உன் விஷயம்… 'பார்க்கலாம்' என்று எழுதி அடித்திருக்கிறேன். வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

உன்
ஆட்டுக்காரன்


மார்ச் 4

நர்ஸம்மாவுக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஜீப் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடுகிறேன். அந்த வேலைக்கு என்ன பதில் சொன்னாய்? திட்டியாவது எழுது. குட்டிகள் இதுவரை முப்பத்தொன்று.

உன்
ஆட்டுக்காரன்


மார்ச் 25

என் கண்ணம்மா,

நேற்றுதான் கயிற்றை அவிழ்த்தோம். வளைவில் கயிற்றுக்கு அப்பால் சிறுத்தைக்காக வைத்த கேமராவின் கார்டை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். பிப்ரவரி 20, வரிசையாகப் பதினான்கு படங்களில் நீ.

கயிற்றைத் தாண்டாமல் கீழ்ப்பக்கக் கல்லில் உட்கார்ந்திருக்கிறாய். ஒன்பதாவது படத்திலிருந்து கேமராவைப் பார்த்து ஏதோ பேசுகிறாய். பழைய கேமரா மாதிரி இதில் சத்தம் பதிவாகாது. அடிவார நுழைவாயில் காவலரைக் கேட்டேன். "மேல சொல்லி அனுப்பவான்னு கேட்டேன் சார். வேணாம், கேமராகிட்ட சொல்லிட்டேன்னாங்க" என்றார்.

மாற்றல் விண்ணப்பம் எழுதி வைத்துவிட்டேன். என்ன சொன்னாய்? உன் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன்
ஆட்டுக்காரன்


ஏப்ரல் 2

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் பழைய வீட்டுக்குப் போய்விட்டு இங்கே வந்தது.

உங்களைக் கையோடு கூட்டிவரத்தான் வந்தேன். கயிற்றைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் பலகையில் உங்கள் கையெழுத்து. அந்தப் பக்கம் ஒரு குட்டி நிற்கத் தெரியாமல் நின்றது. நீங்கள் ஏன் வரவில்லை என்று புரிந்தது. கோபமும் போய்விட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எழுதினால் 'பார்க்கலாம்' என்றுதான் பதில் வரும். வாரம் தவறாமல் கார்டை எடுப்பீர்களே, அதில் என்னைப் பார்த்தால் ஓடி வருவீர்கள் என்று நினைத்தேன். என்னை நிறுத்திய கயிறு உங்களையும் நிறுத்தும் என்று தோன்றவே இல்லை. மார்ச்சில் வந்த உங்கள் கடிதத்தை, எல்லாம் தெரிந்தும் தெரியாதது மாதிரி எழுதுகிறீர்கள் என்று கிழித்துப்போட்டேன். மன்னித்துவிடுங்கள்.

நான் சொன்னது இதுதான்: "இன்னும் ஒரு வாரம் பாப்பேங்க. வரேன்னு சொல்லுங்க, இல்ல வரலைன்னாவது சொல்லுங்க. ஒண்ணும் சொல்லலைன்னா நான் கிளம்பிடுவேன்."

எட்டாம் நாள் கையெழுத்துப் போட்டேன்.

விண்ணப்பத்தைக் கொடுக்க வேண்டாம். கீழே வந்தாலும் ஜன்னல் ஜன்னலாகப் போய் மலையைத் தேடுவீர்கள். இங்கே எந்த ஜன்னலிலும் மலை இல்லை. எனக்குத் தூக்கம் வருகிறது, இரண்டு வருஷத்துக்குப் பிறகு.

கடைசியில் எத்தனை குட்டிகள் பிழைத்தன? அதை மட்டும் எழுதுங்கள்.

நர்ஸம்மா