கறிக்குழம்பில் சாக்லேட் போட்ட அப்பாவுக்கு

கரிப்புகை வாசனையோடு வேலை முடிந்து வரும் என் அப்பாவுக்கு,

பெரியவள் வசந்தா எழுதுகிறேன். எனக்கும் எழுபது தாண்டிவிட்டது. நீங்கள் போனபோது உங்களுக்கு இருந்த வயதைவிட இப்போது எனக்கு வயது கூட. ஒருவகையில் பார்த்தால் உங்களை நான் வாடா போடா என்றே கூப்பிடலாம். பயப்படாதீர்கள், கூப்பிட மாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்திருந்தோம். விழுப்புரத்திலிருந்து தங்கச்சி செல்வியும் வந்திருந்தாள். எனக்குச் சர்க்கரை வியாதி என்று பெங்களூரில் இருக்கும் சின்ன மகன் கசப்பு சாக்லேட் ஒன்று அனுப்பியிருந்தான், இனிப்புக்கு ஆசைப்பட்டால் இதைத் தின்னச் சொல்லி. வாயில் வைத்தவுடனே தெரிந்துவிட்டது அப்பா, இது உங்களுடைய சரக்கு. கட்டைவிரல் நகமளவு கிள்ளி, அடுப்பை அணைத்துவிட்டுக் கறிக்குழம்பில் போட்டேன். "இன்னா அத்தே, கறியில போயி சாக்லேட்டைப் போடுறீங்க!" என்று பெரிய மருமகள் அலறினாள். அலறினவள்தான் மூன்று தடவை குழம்பு ஊற்றிக்கொண்டாள்.

செல்வி சாப்பிட்டுக்கொண்டே, எப்போதும் சொல்வதைச் சொன்னாள். "அந்த எதிர்வூட்டு ரோசம்மா மாமாவுக்குக் கார்டு போட்டு வத்தி வெச்சாளே, நம்ம குடும்பமே பிரிஞ்சிருக்கும். நல்லா இருப்பாளா அவ?" ரோசம்மா அக்கா செத்தே பல வருஷம் ஆகிறது. இவள் இன்னும் விடவில்லை. அறுபது வருஷமாக இவள் இதைச் சொல்வதும் நான் 'ம்' கொட்டுவதுமாகவே போகிறது. போன ஞாயிறும் கொட்டினேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தக் கார்டை எழுதியது ரோசம்மா அக்கா இல்லை அப்பா. நான்தான். நீங்கள் இருந்த காலத்தில் இதை உங்களிடம் வாய் திறந்து சொல்லவில்லை. செல்வியிடமும் சொல்லவில்லை. முதலில் உங்களிடம் சொல்லிவிட்டு அவளிடம் போகலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நான் ஆறாம் வகுப்பு, செல்விக்கு ஆறு வயது. அம்மா போன பதினாறாம் நாள் காரியத்தன்றே திண்டிவனம் மாமா, அம்மாவின் அண்ணன், உங்களிடம் கேட்டுவிட்டார். "பொம்பள இல்லாத வூட்ல ரெண்டு பொட்டப்புள்ளைங்கள வெச்சிக்கினு இன்னா மாப்ள பண்ணுவீங்க? நீங்க பாட்டுக்கு வண்டியில பூடுவீங்க. எந்தங்கச்சி புள்ளைங்கள நான் இட்டுக்கினு போறேன்." தாய்மாமன் கேட்டால் அதற்கு மேல் பேச்சு ஏது? நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு, "ஆறு மாசம் பாருங்க மச்சான். என்னால முடியலன்னா நானே கொண்டாந்து வுடுறேன்" என்றீர்கள். மாமா மனசில்லாமல் சரி என்றார்.

பாண்டிச்சேரி பாசஞ்சர் ரயிலில் கரி அள்ளிப்போடும் ஃபயர்மேன் நீங்கள். எஞ்சின் எந்த மேட்டில் எத்தனை சட்டிக் கரி கேட்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வீர்கள். வீட்டு அடுப்பில் சோறு ஒருநாள் குழையும், ஒருநாள் நெல்லாக நிற்கும். அதையெல்லாம் நாங்கள் தின்றோம். கறிக்குழம்பு மட்டும் செல்விக்கு இறங்கவில்லை. அம்மா வைத்தால் குழம்பு கறுப்பாக, கெட்டியாக, தட்டில் ஊற்றினால் ஓடாமல் நிற்கும். நீங்கள் வைத்தது சிவப்பாக ஓடியது. "இது அம்மா கொழம்பு இல்ல" என்று தட்டைத் தள்ளிவிடுவாள். போகப்போக மற்றதையும் தள்ள ஆரம்பித்தாள். விலா எலும்பு தெரிந்தது. மாமா வந்து அவளை ஒருதரம் பார்த்தால் போதும், கதை முடிந்தது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கொப்பரையைக் கறுக வறுத்து அரைத்தீர்கள். மிளகை அள்ளிக் கொட்டினீர்கள். குழம்பு கறுத்தது, வாயில்தான் வைக்க முடியவில்லை.

அப்புறம் ஒரு சனிக்கிழமை நீங்கள் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு பாட்டில் கொண்டுவந்தீர்கள். வாயகன்ற கண்ணாடி பாட்டில். அதன்மேல் ஈரத்துணியை இறுக்கிச் சுற்றியிருந்தீர்கள். நேராகப் பின்கட்டுக்குப் போய், தண்ணீர்ப் பானைக்குள் அதை இறக்கி, மேலே தட்டைப் போட்டு மூடினீர்கள். கதவிடுக்கில் நான் நின்றதை நீங்கள் பார்க்கவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் இதேதான்.

அந்தக் காலத்தில் விழுப்புரத்தில் பாண்டிச்சேரி பாட்டில் என்றால் ஒரே அர்த்தம்தான். நம் பக்கம் மதுவிலக்கு, அங்கே கடை திறந்து கிடக்கும். சாயந்திர வண்டியில் போலீஸ் ஏறிப் பைபையாகத் துழாவும். என்கூடப் படித்த ஒருத்தியின் அப்பாவை ஸ்டேஷனிலிருந்தே கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். குழாயடியில் ரோசம்மா அக்காவும், "பொண்டாட்டி பூட்ட மனுசன், பாட்டிலு கீட்டிலுன்னு எறங்கிட்டா புள்ளைங்க கதி?" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது. செல்வி காதிலும் அது விழுந்தது. அவள் பிடித்துக்கொண்டது அதைத்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களை வெளியே விளையாட அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வீர்கள். குழம்பு வேறு விசித்திரமாக வரும். ஒரு ஞாயிறு பாயசம் மாதிரி இனித்தது. "வெங்காயம் ஜாஸ்தியாப் போச்சும்மா" என்றீர்கள். ஒரு ஞாயிறு அடிப்பிடித்து, சட்டியைத் தேய்க்க எனக்கு ரெண்டு நாள் ஆயிற்று. ஈரலில் ஒருதரம் ஏதோ செய்தீர்கள். கருவாட்டிலும் செய்தீர்கள். மற்றதை எல்லாம் மன்னிக்கலாம், அந்தக் கருவாட்டை மன்னிக்கவே முடியாது அப்பா. குடித்துவிட்டுச் சமைக்கிறீர்கள், அதனால்தான் எது என்ன என்று தெரியாமல் போடுகிறீர்கள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். கிட்டே வந்து முகர்ந்துகூடப் பார்த்தேன். கரிவாசனைதான் வந்தது. கரிவாசனை சாராய நெடியை அமுக்கிவிடுகிறது என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

உங்களை நேராகக் கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை? "ஆமாம்" என்று சொல்லிவிடுவீர்களோ என்ற பயம்தான்.

போஸ்ட் கார்டு வாங்கி எழுதினேன். "மாமா, அப்பா பாண்டிச்சேரியிலிருந்து பாட்டில் கொண்டுவருகிறார். துணி சுற்றிப் பானையில் ஒளித்து வைக்கிறார். எங்களுக்குப் பயமாக இருக்கிறது. சீக்கிரம் வரவும்." பெயர் போடவில்லை. பெயர் போடாவிட்டால் யார் எழுதியது என்று தெரியாது என்று நினைத்தேன். அவ்வளவு புத்திசாலி நான்.

அடுத்த ஞாயிறு காலை பஸ்ஸுக்கே மாமா வந்துவிட்டார். நீங்கள் அடுப்படியில் கையெல்லாம் மசாலாவோடு நின்றீர்கள். அவர் உட்காரவில்லை, தண்ணீர் வாங்கவில்லை, நேராகப் பின்கட்டுக்குப் போனார். பானைக்குள் கையை விட்டார்.

"இன்னா மாப்ள இது?"

உங்கள் முகம் வெளுத்துப்போயிற்று. அந்த முகத்தைப் பார்த்து, நான் எழுதியது சரிதான் என்று நினைத்தேன் அப்பா. அதை இன்றைக்கு நினைத்தாலும் என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

மாமா துணியை அவிழ்த்தார், மூடியைத் திறந்து முகர்ந்தார். முகம் கோணிற்று. உள்ளே கையை விட்டு ஒரு கறுப்புத் துண்டை எடுத்தார்.

"சாக்லேட்டு மச்சான்" என்றீர்கள்.

"புள்ளைங்களுக்கா?"

"கறிக்கு."

மாமா அந்தத் துண்டை மறுபடி முகர்ந்தார். "கறிக்கு மிட்டாயா? யோவ், குடிச்சிருந்தாக்கூட நாலு தட்டு தட்டித் திருத்திடலாம்னு வந்தேன். இது புத்தியே பேதலிச்சிப் போச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அப்போதுதான் நீங்கள் எல்லாவற்றையும் சொன்னீர்கள். பாண்டிச்சேரி ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு சொல்தாக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சமையல் வேலை பார்த்து பென்ஷனோடு திரும்பியவர். குழம்பு கறுக்கவில்லை என்று நீங்கள் புலம்பியதற்கு, கறியில் கசப்பு சாக்லேட் போட்டால் கறுக்கும், கெட்டிப்படும் என்று அவர் சொன்னாராம். கப்பலில் வந்த சாக்லேட்டை உடைத்துக் கொடுத்தாராம். எஞ்சின் சூட்டில் உருகிவிடும் என்றுதான் பாட்டில், ஈரத்துணி, பானை எல்லாம். "சின்னவ திங்க மாட்றா மச்சான். அவங்கம்மா கொழம்பு மாரி வந்துட்டா திம்பான்னு பார்த்தேன். வெளிய சொன்னா சிரிப்பாங்க" என்றீர்கள்.

மாமா அசையவில்லை. "இதெல்லாம் சரிப்படாது. வசந்தா, துணிமணிய எடுத்து வெய்யி. மத்தியான பஸ்ஸுக்குப் போலாம்" என்றார். நான் பெட்டியை எடுத்தேன். நீங்கள் ஒரு வார்த்தை தடுக்கவில்லை. "சாப்ட்டுட்டுப் போவட்டும் மச்சான்" என்று மட்டும் சொன்னீர்கள்.

சோறு போட்டு, கறுப்பாக நின்ற அந்தக் குழம்பை ஊற்றினீர்கள். செல்வி ஒரு வாய் வைத்தாள். நீங்கள் கரண்டியோடு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இன்னொரு வாய் வைத்தாள். அப்புறம் தட்டை வழித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இது அம்மா கொழம்பு இல்ல" என்றாள். உங்கள் கை தொங்கிவிட்டது. "இது அப்பா கொழம்பு. இன்னும் ஊத்து."

மாமா தரையில் உட்கார்ந்து தனக்கும் ஒரு தட்டு கேட்டார். சாப்பிட்டார். "எந்தங்கச்சி கைப்பக்குவம் வரல" என்றார். நிஜம்தான், வரவில்லை. அதைச் சொல்லிவிட்டு இன்னும் இரண்டு தடவை ஊற்றிக்கொண்டார். கை கழுவிவிட்டு வந்து, "பெட்டிய உள்ள வெய்யி வசந்தா. புள்ளைங்க இங்கியே இருக்கட்டும்" என்றார். எட்டு வருஷம் கழித்துத் தன் மகனுக்குக் கட்டி என்னைத் திண்டிவனத்துக்கு இட்டுக்கொண்டுதான் போனார், அது வேறு விஷயம்.

கிளம்பும்போது மாமா சட்டைப்பையிலிருந்து கார்டை எடுத்து உங்களிடம் கொடுத்ததைக் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். நீங்கள் படித்தீர்கள். திருப்பிப் பார்த்தீர்கள். மறுபடியும் படித்தீர்கள். தினமும் என் வீட்டுப்பாடத்தில் கையெழுத்துப் போடுகிற மனிதருக்கு என் எழுத்து தெரியாதா? இன்றைக்கு அடி நிச்சயம் என்று நின்றேன். "யாருப்பா கார்டு போட்டது?" என்று செல்வி கேட்டாள். "நம்ம மேல அக்கறை இருக்கறவங்க யாரோ" என்று சொல்லிவிட்டுச் சட்டி கழுவப் போய்விட்டீர்கள்.

இரண்டு நாள் கழித்து வேலை முடிந்து வந்து, நூல் கட்டிய ஒரு கட்டு போஸ்ட் கார்டை என் கையில் கொடுத்தீர்கள். "மாமாவுக்கு மாசம் ஒண்ணு போடும்மா. கண்ணால பார்த்தத எழுது. நான் தப்பு பண்ணா அதையும் எழுது. நான் வண்டியில போறவன். உங்களுக்காக என்னைக் கேள்வி கேக்க ஒரு ஆளு இருக்கணும்."

நான் தலையாட்டினேன். சொல்லியிருக்க வேண்டிய நேரம் அது. சொல்லவில்லை.

மாதாமாதம் எழுதினேன். எழுதிக் கொடுத்தால் நீங்களே கொண்டுபோய் ஸ்டேஷன் தபால்பெட்டியில் போட்டீர்கள். அந்த வருஷக் கடைசியில் செல்வி தண்டவாளத்தின் குறுக்கே ஓடினாள் என்று விசிறிக்காம்பால் அவளை அடித்தீர்கள். காலில் தடித்துப்போயிற்று. நான் கோபத்தில் எழுதினேன்: "அப்பா செல்வியை அடித்துவிட்டார். காலில் தடிப்பு இருக்கிறது." மூடாத கார்டு. அதை உங்கள் முன்னாலேயே, எழுத்து தெரியும்படி வைத்தேன். கிழித்துப்போடுவீர்களா என்று பார்க்கத்தான் வைத்தேன். நீங்கள் எடுத்துப் படித்துவிட்டு, சாப்பாட்டுப் பையில் செருகிக்கொண்டு வேலைக்குப் போனீர்கள்.

மூன்றாம் நாள் மாமா வந்து வாசலில் நின்று உங்களைத் திட்டு திட்டென்று திட்டினார். நீங்கள் கைகட்டி நின்று வாங்கிக்கொண்டீர்கள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடித்த கையாலேயே அந்தக் கார்டைக் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறீர்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பின்கட்டில் போய் உட்கார்ந்து அழுதேன் அப்பா. அம்மா செத்தபோதுகூட அப்படி அழவில்லை.

உங்களுக்குப் பிறந்துவிட்டு, செத்துப்போன ஒரு பொம்பளைமேல் பழி கிடக்க விட்டுவிட்டு நான் இத்தனை வருஷம் கறிசோறு தின்றிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. நாளைக் காலை முதல் பஸ்ஸில் விழுப்புரம் போகிறேன். செல்வி வீட்டு வாசலில் நின்று, உள்ளே போகும் முன்பே சொல்லிவிடுவேன். அவள் வாய் உங்களுக்குத் தெரியும், தெருவே கூடும். கூடட்டும். கைகட்டி நின்று வாங்கிக்கொள்வேன்.

உங்கள்மேல் எழுதிய புகாரை உங்களிடமே கொடுத்தனுப்பிய,
உங்கள் மூத்த மகள்
வசந்தா