அம்மாவைத் திருடிய அண்ணாச்சி

ஆடி 9, வியாழன்

காலையிலிருந்து காற்று. கொடியில் போட்ட சேலை பக்கத்து வீட்டு மாடியில். அதை வாங்கி வருவதற்குள் வணிகர் சங்கச் செயலாளரின் போன். ஆண்டு விழாப் பட்டிமன்றம், வண்ணார்பேட்டை கல்யாண மண்டபம், ஞாயிறு (19) மாலை. தலைப்பு: 'நெல்லைக்கு வரும் அதிவேக ரயிலுக்கு ஏற்றது அரசு பணமா, தனியார் பணமா?' ரயில் வருமா என்பதே தெரியாது. பணம் யாருடையது என்று சண்டை போட நாங்கள் தயார்.

"நீங்க அரசு பணம், டீச்சர். அணித் தலைவர் நம்ம சங்கரபாண்டியன் அண்ணாச்சி."

இனி இங்கே ச.பா. முழுப் பேரை எழுதக் கை வரவில்லை.

போன வருஷம் பாபநாசத்தில் ஒரு பட்டிமன்றம். அங்கும் அவர்தான் தலைவர், நான் மூன்றாவது பேச்சாளர். "என்ன பேசப் போறியன்னு சொல்லுங்க டீச்சர், ஒண்ணோட ஒண்ணு முட்டாம பாத்துக்கிடுவோம்." வேனில் போகும்போது கேட்டார், நம்பிச் சொன்னேன். என் அம்மா கதை. வாழை இலைக் கட்டோடு அம்மா தினம் பாசஞ்சரில் டவுன் சந்தைக்குப் போவாள். ஒரு நாள் வண்டி கிளம்பிவிட்டது. தலையில் கட்டோடு அவள் ஓடி வருவதைக் கடைசிப் பெட்டியிலிருந்த கார்டு பார்த்தார். சிவப்புக் கொடி காட்டி நிறுத்தினார். ஒரு இலைக்காரிக்காக ஒரு ரயில் நின்றது. அவ்வளவுதான்.

மேடையில் ச.பா. முதல் ஆளாக எழுந்து, "எங்க அம்மை..." என்று ஆரம்பித்தார். கூட்டம் கண்ணைத் துடைத்தது. என் முறை வந்தபோது என்னிடம் வேறு சரக்கு இல்லை. அதையே தொடங்கினேன். "அண்ணாச்சி சொன்னதையே சொல்லுதியளே டீச்சர்" என்று கீழேயிருந்து ஒருவன். சிரிப்பு. சொந்த அம்மாவைக் காப்பியடித்தவள் என்று பேர்.

வீட்டில் இவரிடம் புலம்பினேன். "சவத்த விடுட்டி. பட்டிமன்றத்துல யாரு சொந்தமா பேசுதா?" என்றார், பேப்பரை இறக்காமல்.

விட மாட்டேன்.

ஆடி 11, சனி

நடுவருக்குப் போன். தனியார் அணியில் பேச இருந்த பேங்க் மேனேஜருக்குத் தொண்டை கட்டிவிட்டதாம். கடவுள் இருக்கிறார்.

"நான் அந்தப் பக்கம் வாரேன் ஐயா."

"ஒங்களுக்கு அரசு பக்கம்தானே பிடிக்கும்?"

"பொருளாதார டீச்சர் எந்தப் பக்கமும் பேசுவா."

பொய். பணம் போடுகிறவன் சும்மா போடுவானா? டிக்கெட்டில் எடுப்பான், ஸ்டேஷனைச் சுற்றியுள்ள நிலத்தில் எடுப்பான், நஷ்டம் வந்தால் அரசாங்கமே ஈடு கட்டு என்பான். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த மாதம் மட்டும் கொள்கை பரணில் இருக்கட்டும். எனக்கு ச.பா. வேண்டும்.

வாங்க: தக்காளி, இவருக்குப் பிரஷர் மாத்திரை, டெய்லரிடம் ஜாக்கெட்.

ஆடி 14, செவ்வாய்

தூண்டில் போட்டாயிற்று.

"அண்ணாச்சி, எதிரணிக்கு மாறிட்டேன். கோவிச்சுக்கிடாதிய."

"நமக்குள்ள என்ன டீச்சர். மேடையோட சரி."

"ரயில் தலைப்பு. ஒங்க அம்மை கதையச் சொல்லாம விட்றாதிய."

ஒங்க அம்மை. சோற்றில் கல்லைக் கடித்த மாதிரி இருந்தது, சொல்லும்போது. அவரிடம் ஒரு தயக்கமும் இல்லை.

"அதை விடுவனா? எங்கன போனாலும் அதைத்தான் கேக்காங்க."

திருட்டு என்பதே மறந்துபோயிருக்கிறது. இருக்கட்டும். ஞாபகப்படுத்துகிறேன்.

பஸ்ஸில் இருவர். "அந்த ரயிலு வந்தா மெட்ராஸ் போயிட்டு ராத்திரி சோத்துக்குத் திரும்பிரலாம்லே." "டிக்கெட் எடுத்தபெறவு சோத்துக்கு எங்கன போவ?" நல்ல வசனம். ஆனால் நான் தனியார் அணி. வயிற்றெரிச்சல்.

ஆடி 18, சனி

அம்மாவைக் கூட்டிவர ஆழ்வார்திருநகரி, அண்ணன் வீடு.

"நான் எதுக்குட்டி அங்கன?"

"முன்னால உக்காந்திரு, போதும்."

"சாப்பாடு உண்டா?"

"உண்டு."

"அப்பம் சரி."

பதினெட்டாம் பெருக்கு. ஆற்றில் குளித்து, தலை காயாமலே பாசஞ்சர் ஏறினாள். எதற்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லவில்லை. சொன்னால் "பாவம்ட்டி" என்பாள்.

திட்டம். கதையை அவர் சொல்லி முடிக்கட்டும். நான் எழுந்து அதன் மறுபாதியைச் சொல்வேன். கார்டு நிறுத்தியது ஒரே ஒரு நாள். விட்டுவிட்டுப் போன நாளெல்லாம் இலை வாடியது, வீட்டில் அடுப்பு எரியவில்லை. அவள் ஏன் ஓடினாள்? அடுத்த வண்டி சாயங்காலம்தான். அரசு பணம் போடவில்லை, அதனால் இன்னொரு வண்டியில்லை. கடைசியாக: அந்த அம்மா இதோ இருக்கிறாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளட்டும்.

ஆடி 19, ஞாயிறு

மண்டபம் நிறைந்து, வெளியிலும் நாற்காலி. அம்மா முன்வரிசையில், ஃபேனுக்கு நேரே.

ச.பா. சொன்னார். கொடி, ஓட்டம், இலைக் கட்டு, ஒன்றும் விடவில்லை. "தனியார் போட்ட ரயிலு லாபத்துக்கு நிக்கும். எங்க அம்மைக்கு நிக்குமா?" பெண்கள் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். அம்மா கண்கொட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் முறை. விட்டுப்போன நாட்களுக்குக் கைதட்டல். சாயங்கால வண்டிக்கு அதைவிடப் பலமாக. பிறகு மைக்கைக் கையில் எடுத்தேன்.

"அது அண்ணாச்சியோட அம்மை இல்ல. என் அம்மா. இந்தா இருக்காங்க. எந்திரிம்மா."

அம்மா எழுந்தாள். ச.பா. முகம் வெளுத்துச் சாம்பலானது. இதைப் பார்க்கத்தான் எத்தனை நாள் கருவினேன். குளிரக் குளிரப் பார்த்தேன். அத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும் நான்.

வேட்டியைப் பிடித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினார் மனிதர். அம்மாவின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "பெத்தாத்தான் அம்மையா தாயி?" அந்தக் குரலுக்கு மைக் வேண்டாம். விசில் பறந்தது. அம்மா அவர் தலையில் கை வைத்து, "எந்திரி ராசா, நல்லா இரு" என்றாள். மண்டபமே எழுந்து நின்று தட்டியது. நான் மைக்கும் கையுமாக. மணி அடித்து என்னை உட்கார வைத்தார்கள்.

தீர்ப்பு: இலைக்காரிக்கும் நிற்கிற ரயிலுக்கு அரசு பணமே ஏற்றது. நான் நம்புகிற தீர்ப்பு. நான் மட்டும் கைதட்டவில்லை. தனக்குப் போட்ட பொன்னாடையை ச.பா. அம்மாவுக்குப் போர்த்தினார்.

"பாயசம் நல்லாருந்துது" என்றாள் அம்மா, ஆட்டோவில்.

ஆடி 20, திங்கள்

பள்ளிக்கு லீவு சொன்னேன். தலைவலி என்று. ஸ்டாஃப் ரூமில் எல்லாருக்கும் வீடியோ போயிருக்கும்.

அம்மா இட்லி தின்றபடி: "அந்தத் தம்பி நல்லா சொன்னான்ட்டி. நான் ஓடினது எனக்கே கண்ணுல தெரிஞ்சுது. நீ சொன்னா பரிச்சைக்குப் படிச்ச மாதிரி இருக்கு."

"ஒன்னையத் திருடிட்டாம்மா அவன்."

"என்னைய எங்க திருடினான்? இங்கனதானே இருக்கேன்."

இவர் சமையலறைக்குள் போய்ச் சிரித்தார். கேட்டது. மதிய வண்டியில் அம்மாவை ஏற்றிவிட்டேன். பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆடி 23, வியாழன்

காற்று நின்று தூறல். பால்காரர் வரவில்லை. அம்மா போன்.

நேற்று ச.பா. ஆழ்வார்திருநகரிக்குப் போயிருக்கிறார். ஒரு பை நிறைய பழம். மன்னிப்புக் கேட்டாராம். காபி குடித்தாராம். சாயங்காலம் வரைக்கும் இருந்தாராம்.

"அம்புட்டு நேரம் என்ன பேசுனிய?"

"அந்தக் கார்டைப் பத்திக் கேட்டான். அவுக எதுக்கு வண்டிய நிப்பாட்டினாகன்னு."

"எதுக்கு?"

"அது பெரிய கதைட்டி. எல்லாம் சொன்னேன்."

"என்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையேம்மா."

"நீ கேக்கலியே."

இப்போது கேட்கிறேன், சொல்லு என்றேன்.

"அவன் மேடையில சொல்லுவான். அப்பம் கேட்டுக்க."