கயிற்றுக்கு உள்ளே ஒரு சனிக்கிழமை

பாய்,

நலமா என்று கேட்டு எழுத முடியாத இடத்துக்குப் போய்விட்டாய். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்றுச் சாயங்காலம் என் பெண்ணுக்கு இருமல் என்று குளத்தங்கரைப் பக்கம் இருக்கிற நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதிமதுரத்தை நசுக்கி, ஒரு துண்டை என் கையில் கொடுத்து, "சரக்கு புதுசுங்க, மென்னு பாருங்க" என்றார். வாயில் போட்டேன். அந்தத் தித்திப்பு தொண்டையில் இறங்கினதும் கடை மறைந்துபோயிற்று. மைதானத்து எல்லைக் கயிறும், ஈரப் புல்லும், கழுத்தில் கெரஸின் டின்னை மாட்டிக்கொண்டு நிற்கிற நீயும்தான் தெரிந்தீர்கள். பாதி ஆட்டம் முடிந்ததும் மடியிலிருந்து ஒரு குச்சி அதிமதுரத்தை எடுத்து ஒடித்து, "மெல்லு நைனா, இன்னொரு பாதிக்குத் தொண்ட வேணும்" என்பாய். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாங்க, காரமா கீதா? கண்ணுல தண்ணி வருதே" என்றார். அதிமதுரம் எப்படிக் காரமாக இருக்கும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. "ஆமாங்க, கொஞ்சம் காரம்தான்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் தொண்டையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உன்னைப் பார்ப்பதற்கு முன்னால் அதனால் நான் பட்ட அவஸ்தை உனக்கு முழுக்கத் தெரியாது. நாலாவது பாரத்தோடு படிப்பு என்னை விட்டதா, நான் படிப்பை விட்டேனா என்பது இன்னும் தீராத வழக்கு. அதற்கப்புறம் துணிக்கடையில் பில் எழுதும் வேலை. விலையைச் சொல்ல வாயைத் திறந்தால் முதலாளி, "மெதுவாப் பேசுப்பா, வந்த அம்மா பயந்து ஓடிடப் போறாங்க" என்பார். வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டில் சங்கீதம் சொல்லிக்கொடுக்கிறவர், "ஓய், நான் சுருதி சேர்க்கறதுக்குள்ள நீர் பேசிடறீர், என் சிஷ்யாள்ளாம் உம்ம சுருதியைப் பிடிச்சுண்டுடறா" என்பார். ஆண்டவன் எனக்குக் கொடுத்த சாமான்களில் பெரிதாக இருந்தது அந்தக் குரல் ஒன்றுதான், வயிறு வந்து சேருகிற வரைக்கும். அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல்தான் முப்பது வயது வரை காலம் தள்ளினேன்.

உன்னை முதலில் பார்த்த அன்றைக்குத் திருவல்லிக்கேணியில் ஒரு வீட்டில் கடைப் புடவைகளைக் காட்டிவிட்டு மூட்டையோடு திரும்பிக்கொண்டிருந்தேன். கடற்கரைப் பக்கத்து மைதானத்தில் பந்தாட்டம். கயிற்றோரம் நின்றேன். ஒரு பக்கம் வெள்ளைச் சட்டை, காலில் பூட்ஸ். இன்னொரு பக்கம் பச்சைச் சட்டை, வெறுங்கால். அந்தப் பச்சையும் சாயம் போய், அது பச்சைதானா என்று போட்டிருந்தவர்களுக்கே சந்தேகம் வரும்போல இருந்தது. பச்சையில் ஒரு ஒல்லி ஆசாமி கோலுக்கு நேர் எதிரே பந்தை வைத்துக்கொண்டு ஏதோ யோசனையில் நின்றார். என்னையறியாமல், "அடிடா!" என்று கத்திவிட்டேன். ஆசாமி திடுக்கிட்டு உதைத்தார். கோல்!

நீ டின்னைத் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

"யாருய்யா நீ? இந்தத் தொண்டைய இத்தினி நாளா எங்க வச்சிக்கினு இருந்தே?"

"மயிலாப்பூர்ல" என்றேன்.

"அங்க இன்னாத்துக்கு அது? வர சனிக்கெழம இங்க வந்துடு. இதான் உன் எடம்" என்று உன் பக்கத்து மண்ணைக் காட்டினாய்.

வந்துவிட்டேன். முதலாளிக்குச் சனிக்கிழமை சாயங்காலம் பெருமாள் கோயில், எனக்கு மைதானம் என்று ஆயிற்று. நீ தகரப் பெட்டி செய்கிறவன். உன் கைக்கு எந்தத் தகரமும் பேசும். ஆனால் மூச்சிழுப்பு. நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் கத்த உன்னால் ஆகாது. அதனால் நீ அடிப்பாய், நான் கத்துவேன். உன் கையும் என் தொண்டையும் சேர்ந்தால் ஒரு முழு ஆள். கயிற்றோரம் நம் பக்கத்தில் ஒரு டிராம் கண்டக்டர், ஒரு தபால்காரர், மேல்துண்டால் வாயை மூடிக்கொண்டு ரெஃபரியைத் திட்டுகிற ஒரு ஐயங்கார், இன்னும் பத்துப் பதினைந்து பேர். எங்கே வேலை, எவ்வளவு படிப்பு, என்ன ஜாதி என்று ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. போன வாரம் ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே ஜுரத்தோடுகூட வந்திருக்கிறேன்.

நம் டீம் தோற்கும். அதில் ஒளிவு மறைவு இல்லை. வெள்ளைச் சட்டைப் பக்கத்திலிருந்து, "இன்னா பச்ச, இன்னிக்கு வாங்குற கோலெல்லாம் அள்ளிக்கினு போவ கோணி கொண்டாந்தியா?" என்று கத்துவார்கள். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல், "கோணி இன்னாத்துக்கு? பெட்டியே நான்தான் செய்றேன்" என்பாய். தோற்ற நாளில்கூட வீட்டுக்குச் சிரித்துக்கொண்டே போக வைத்தவன் நீ. என் சம்சாரத்துக்குத்தான் அது பிடிபடாது. "பந்த ஒதைக்கிறவன் சும்மா கீறான், வேடிக்கை பாக்கிறவருக்குத் தொண்ட கட்டிக்குதாம்" என்று மிளகு ரசத்தை வைத்துவிட்டுப் போவாள்.

அப்புறம் சண்டை வந்தது. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிற்று. சம்சாரத்தையும் பெண்ணையும் காஞ்சிபுரத்துக்கு அனுப்பிவிட்டு, கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று முதலாளி சொன்னதால் நான் மட்டும் இருந்தேன். கடையைப் பார்த்தேன், கடைக்கு வருகிறவர்களைத்தான் பார்க்க முடியவில்லை. நீயும் போகவில்லை. "ஓடுறவன் ஒவ்வொருத்தனும் பெட்டி கேக்கறான் நைனா. ஊரே ஓடுறதுக்குப் பெட்டி செஞ்சு குடுத்துட்டு நான் இங்க குந்திக்கினு கீறேன்" என்று சிரித்தாய். கண்டக்டர் தவிர நம் கயிற்றோரத்து ஆட்கள் எல்லாரும் போய்விட்டார்கள். அவருக்கும் ஓயாத டியூட்டி. ஆட்டக்காரர்களிலும் பாதிப் பேர் ஊரில் இல்லை.

ஜனங்கள் ஒவ்வொருவராகத் திரும்ப ஆரம்பித்ததும் லீக் ஆட்டங்களை மறுபடி தொடங்கினார்கள். ஒரு டீமுக்கு ஏழு பேராவது இறங்க வேண்டும். முதல் சனிக்கிழமை நமக்கு ஏழு பேர் சேரவில்லை. இன்னொரு தடவை இப்படி ஆனால் லீக்கிலிருந்து பெயரை அடித்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அடித்தால் அடித்ததுதான். அச்சாபீஸில் எழுத்துக் கோக்கிற நம் கேப்டன் தெருத்தெருவாக அலைந்தார். அடுத்த சனிக்கிழமை மைதானத்தில் தலையை எண்ணினால் ஆறு. எதிரே அதே வெள்ளைச் சட்டை, பதினொரு பேர், பதினொரு ஜோடி பூட்ஸ்.

கேப்டன் கயிற்றோரம் வந்து நம் இரண்டு பேரையும் பார்த்தார். நீ என்னைப் பார்த்தாய். நான் வானத்தைப் பார்த்தேன்.

"நைனா, போ."

"நானா? பாய், என் வயித்தப் பாத்தியா?"

"பாத்தேன். அது பாட்டுக்கு நிக்கட்டும், பந்து சுத்திக்கினு போவ நேரமாவும். போ."

"சும்மா பின்னால நின்னா போதும் சார், ஏழு தல வேணும்" என்றார் கேப்டன். என்னை 'சார்' என்று ஒருவர் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. அதில் கொஞ்சம் ஏமாந்துவிட்டேன். அவர்கள் கொடுத்த அரை நிஜாருக்குப் பொத்தான் போட முடியவில்லை. நீ டின்னில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து என் இடுப்பைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு, டின்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாய்.

ஆட்டத்தை நான் விவரிக்கப் போவதில்லை, நீதான் பார்த்தாயே. ஆனால் அந்த ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். பந்து நேரே என் காலடிக்கு உருண்டு வந்தது. பக்கத்தில் ஒருவரும் இல்லை. நான் பலமாக மூச்சை இழுத்து, "அடிடா!" என்று கத்தினேன். பந்து என்னைத் தாண்டிப் போயிற்று. வெள்ளைச் சட்டைக்காரன் பின்னாலேயே வந்து கோல் போட்டான்.

"நைனா!" என்று கயிற்றோரத்திலிருந்து உன் குரல். "உன்ன நீயே சொன்னா எப்டி? நீதான் அடிக்கணும்!"

மைதானமே சிரித்தது. நம் கோல்கீப்பர்கூடச் சிரித்தார் என்று பிறகு தெரிந்தது.

பாதி ஆட்டத்தில் ஐந்து கோல். நான் நேரே உன்னிடம் வந்து கயிற்றைத் தூக்கினேன். "போதும் பாய். உள்ள நின்னு என்னால ஒண்ணும் ஆவல. வெளியில நின்னாலாவது கத்துவேன்."

நீ கோபப்படவில்லை. என் கையில் அதிமதுரத்தைக் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டாய்: "நீ வெளிய வந்தா ஆறு பேரு. ஆட்டம் க்ளோஸ். அப்பால யாருக்கோசரம் கத்துவே?"

கயிற்றைக் கீழே விட்டுவிட்டு உள்ளே போனேன்.

இரண்டாவது பாதியில் நீ கத்த ஆரம்பித்தாய். டின்னால் அல்ல, வாயால். என் பெயரைச் சொல்லி. கடையில் நான் 'பில்லு', வீட்டில் 'இந்தாங்க', பெண்ணுக்கு 'அப்பா'. என் பெயரை ஒருவர் மைதானம் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. ஒரு தடவை கூப்பிடுவாய், குனிந்து மூச்சு வாங்குவாய், மறுபடி கூப்பிடுவாய். நானும் உள்ளே நின்றபடியே கத்தினேன். "இடப்பக்கம் வரான்! ஏறு! விடாதே!" கால் உதவவில்லை, தொண்டை உதவிற்று. வாடிப்போயிருந்த ஆறு பேரும் ஓட ஆரம்பித்தார்கள்.

சட்டென்று உன் குரல் நின்றுவிட்டது. பார்த்தால் கயிற்றோரத்தில் நீ இல்லை. பிறகுதான் எதிர்ப்பக்கத்தில், வெள்ளைச் சட்டைக் கூட்டத்துக்கு நடுவில் டின்னும் கையுமாக உன்னைப் பார்த்தேன். அங்கே நீ பேசியதை அப்புறம் அவர்களே எனக்குச் சொன்னார்கள்.

"உங்களுக்குத்தான் ஆறு கோல் கீதே. இனிமே கத்தி இன்னா ஆவப்போவுது? மிச்சம் கீற சத்தத்த எங்களுக்குக் குடுங்கப்பா. நான் ஒருத்தன்தான் கீறேன், மூச்சு வரல."

"ஜெயிக்கிறவங்க நாங்க, தோக்கிறவனுக்குக் கத்தறதா? நல்லா கீதே பாய் நியாயம்!"

"பசங்க பாதில விட்டுட்டு வந்து எங்க டீமு இன்னியோட போச்சுன்னா அடுத்த வருசம் யாரை ஜெயிப்பீங்க?"

அதைக் கேட்டு ஒரு ஆள் கையைத் தட்டி, "பச்ச!" என்றான். இன்னொருவன் சேர்ந்தான். கடைசியில் மைதானத்தின் நாலு பக்கமும், "பச்ச! பச்ச!" வெள்ளைச் சட்டை ஆட்டக்காரர்கள், தங்கள் ஆட்களுக்கு வெயிலில் ஏதாவது ஆகிவிட்டதா என்று முழித்தார்கள். அந்தச் சத்தத்தில்தான் பந்து மறுபடி என்னிடம் வந்தது. இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு காலைத் தூக்கினேன். பந்து கயிற்றைத் தாண்டி, சோடா வண்டியைத் தாண்டி, ரோட்டில் போய் விழுந்தது. அதனால் நமக்கு ஒரு லாபமும் இல்லை. ஆனால் அதற்குக் கிடைத்த கைதட்டல் கோலுக்குக்கூடக் கிடைத்ததில்லை.

எட்டு கோலில் தோற்றோம். விசில் ஊதினதும் நீ டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாய். நெஞ்சு மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. பேச முடிந்ததும் சொன்னாய்: "தோத்தா இன்னா நைனா. டீமு கீது."

மறுவாரம் கடைக்கு வேட்டி வாங்க வந்த ஒருவர் என்னை உற்றுப் பார்த்து, "நீங்க அன்னிக்குப் பின்னால ஆடுனவருதானே? அந்த ஒதைய எங்க ஆளுங்க இன்னும் பேசிக்கினு கீறாங்க" என்றார். முதலாளி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நான் பணிவாகக் கஜக்கோலை எடுத்து வேட்டியை அளந்தேன். அளந்தது கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டது. சம்சாரம் ஊரிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எட்டு கோல் வாங்கினதுக்கா இம்மாம் பெருமை?" என்றாள். ஆமாம் என்றேன். வேறு எப்படிச் சொல்வது?

போன மார்கழிக் குளிர் உன் மூச்சை எடுத்துக்கொண்டது. மசூதியிலிருந்து உன்னைத் தூக்கிப் போனபோது தோள் கொடுக்கப் பச்சையும் வெள்ளையும் முண்டியடித்தன. நானும் கொஞ்ச தூரம் கொடுத்தேன். வழியில் ஒருவர் நம் கண்டக்டரிடம், "யாருங்க, பெரிய மனுசரா?" என்று கேட்டார். "ஆமாங்க, எங்க டீமு" என்றார் கண்டக்டர். பாய், அதற்குமேல் உனக்கு ஒரு பட்டம் வேண்டுமா?

இந்த வருஷமும் லீக் பலகையில் நம் பெயர் கடைசியில்தான் இருக்கிறது. இருக்கிறது. போன வாரம் புதிதாக வந்த ஒருவர், "ஜெயிக்கிற டீமா பாத்துப் போவக்கூடாதா அண்ணே?" என்று கேட்டார். "ஜெயிக்கிற டீமுக்கு யார் வேணாலும் கத்துவாங்க தம்பி, நம்ம டீமுக்கு நாமதான்" என்றேன். சிரித்துவிட்டு நம் பக்கத்திலேயே நின்றார். என்னை யாராவது விசாரித்தால் துணிக்கடை, நாலாவது பாரம், மயிலாப்பூர் என்று சொல்லுவேன். விசாரிக்காமல் நானாகச் சொல்லிக்கொள்வது பச்சைச் சட்டைக்காரன் என்பது ஒன்றைத்தான். தலை நிமிர்ந்துதான் சொல்கிறேன். நீ கொடுத்ததில் என்னிடம் மிச்சம் இருப்பது இதுதான், தேயவே இல்லை.

நாளைக்கு ஆட்டம். எதிரே பெரிய டீம். மழை வரும்போல இருக்கிறது, தோற்போம்போலவும் இருக்கிறது. கொஞ்சம் முன்னாலேயே கிளம்ப வேண்டும் பாய். இப்போதெல்லாம் நம் பக்கத்தில் நேரம் கழித்துப் போனால் நிற்க இடம் கிடைப்பதில்லை.