புருவத்தில் ஒரு வெட்டு

1934, ஆடி, வியாழன் இரவு. பாகூர்.

தூக்கம் வரவில்லை. எழுதினால் வருமா என்று பார்க்கிறேன்.

வீரன் சிலைக்கு இன்று முகம் தீட்டி முடித்தேன். கண் மட்டும் பாக்கி. சிலையை நேர்ந்துகொண்ட பண்ணையார் பார்க்க வந்தார். வெகுநேரம் நின்று பார்த்தார்.

"இன்னாடா இது, எடது புருவத்துல வெட்டு?"

அப்போதுதான் நானே கவனித்தேன்.

போன மாதம் அவருடைய அரிவாள் குத்தகைக்காரன் முனியன் முகத்தில் இறங்கியதும் அதே இடத்தில்தான். அவன் அங்கேயே செத்து விழுந்ததைக் கரும்புக்குள் ஒளிந்திருந்து பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. முனியன் எல்லை தாண்டிக் கடலூர்ப் பக்கம் போய்விட்டான் என்றுதான் ஊர் நம்புகிறது. பிரெஞ்சுப் போலீசும் தேடவில்லை. நான் மூடிவைத்ததைப் பாழாய்ப்போன இந்தக் கை தீட்டிவிட்டது.

"வீரனுக்குக் காயம் அழகுதாங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "நாளைக்குக் கண்ணு தெறக்கும்போது தெரைக்குள்ள நீ மட்டுந்தான இருப்ப?"

"ஆமாங்க. வேற யாரும் வரக் கூடாதுங்க."

"நான் வரேன்."

கண் திறந்து முடியும்வரை வெளியே பம்பை அடிப்பார்கள். திரைக்குள் யார் கத்தினாலும் கேட்காது.