யார் காதும் தேவையில்லை

ஜீவனஹள்ளி, பெங்களூர்
8 பிப்ரவரி 1998

அன்புள்ள பிரிஜெட்டுக்கு,

போனில் நீ பேசினால் எனக்குப் பாதிதான் கேட்கிறது. மீதியை நானே இட்டுக்கட்டிக்கொள்கிறேன். அதனால் எழுதுகிறேன். பேத்தி குப்புற விழுந்தாள் என்று கேரல் சொன்னாள். கவிழ்ந்து படுத்தாளா, கட்டிலிலிருந்து விழுந்தாளா என்று தெளிவாக எழுது.

நீ மஸ்கட் போனதிலிருந்து நம் ஃபியட் காரைச் சரிபார்க்கும் வேலை நின்றுபோய்விட்டது. தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் சத்தத்தில் இத்தனை வருஷம் வேலை பார்த்த காதுக்கு, எஞ்சின் சீராக ஓடுகிறதா, இருமுகிறதா என்பது பிடிபடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நீ சீட்டில் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டுச் சொன்னால்தான், பிளக்குக்குப் பொறி அனுப்புகிற பாயின்ட்டைச் சரியாக வைக்க முடியும். போன வாரம் எதிர் வீட்டு மைக்கேல்ராஜை உட்கார வைத்தேன். எதைத் திருப்பினாலும் "சூப்பரா இருக்குது அங்கிள்" என்கிறான். காபி கொடுத்ததன் விளைவு.

ஆகவே ஜே.சி. ரோட்டில் எலக்ட்ரானிக் இக்னிஷன் செட் ஒன்று வாங்கிவிட்டேன். பாயின்ட்டும் கண்டென்சரும் போய், அந்த இடத்தில் சின்ன பிக்அப்பும் வெளியே ஒரு கறுப்புப் பெட்டியும் வருகின்றன. தேய்கிற பாகம் இல்லை. ஒரு தடவை லைட் பிடித்து டைமிங் வைத்தால் போதும். அப்புறம் யார் காதும் தேவையில்லை.

ஆம்ப்ரோஸ்


மஸ்கட்
20 பிப்ரவரி 1998

அன்புள்ள கேரல் அப்பாவுக்கு,

பாப்பா கவிழ்ந்துதான் படுத்தாள். பயப்படாதீர்கள். உங்களைப் போலவே தலையைத் தூக்கிச் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, யாரையும் கூப்பிடாமல் கிடக்கிறாள்.

காதுக்கு வேலை இல்லை என்று எழுதியிருந்தீர்கள். நல்லது. பூசைச் சேலையோடு பெட்ரோல் நாற்றத்தில் உட்கார்ந்து, அடுப்பில் கறி அடிப்பிடித்த ஞாயிறுகள் எத்தனை! இனிமேல் கறி பிழைத்தது.

ஒரு விஷயம். கேரல் மறுபடி வேலைக்குப் போகிறாள். என் விசிட் விசாவை இனி நீட்ட முடியாதாம். ரெண்டு வருஷத்துக்கு ரெசிடென்ட் விசா எடுக்கட்டுமா, இல்லை டிக்கெட் போடட்டுமா என்று மருமகன் ஜாய்சன் கேட்கிறார். மார்ச் பதினைந்துக்குள் பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டும். "அப்பாவைக் கேட்டுச் சொல்றேன்"னு சொல்லியிருக்கிறேன். நான் வர வேண்டுமா, இருக்க வேண்டுமா, ஒரு வரி எழுதுங்கள். அதன்படி செய்கிறேன்.

பிரிஜெட்


ஜீவனஹள்ளி
4 மார்ச் 1998

அன்புள்ள பிரிஜெட்டுக்கு,

உன் கடிதம் வந்த அன்று வண்டி என்னைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. பெட்டியை மாட்டி, ஒயரெல்லாம் சரிபார்த்து, சாவியைத் திருப்பினால் பிளக்கில் பொறியே இல்லை. செட்டே மட்டம் என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டு, காயிலை மாற்றிப் பார்த்தேன், பேட்டரியை மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால் தப்பு என்னுடையது. போன வருஷம் பானெட்டுக்குள் அழகாகப் பெயின்ட் அடித்தோமே, அந்தப் பெயின்ட் மேலேயே பெட்டியை முடுக்கியிருக்கிறேன். எர்த் எப்படிக் கிடைக்கும்? போல்ட்டைக் கழற்றி, தகடு தெரிகிற வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி முடுக்கினேன். அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது. கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி எஞ்சின் மேல் வைத்தேன். தளும்பவில்லை.

விசா விஷயம். கேரலுக்கு உதவி வேண்டும். என்னைப் பற்றிக் கவலை வேண்டாம், நான் சமாளித்துக்கொள்வேன். உன் விருப்பம்.

ஆம்ப்ரோஸ்


மஸ்கட்
18 மார்ச் 1998

அன்புள்ள கேரல் அப்பாவுக்கு,

பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டேன்.

பொறியைப் பற்றி ஒரு பக்கம், என்னைப் பற்றி ரெண்டு வரி. அந்த ரெண்டு வரியைக் கேரலுக்குப் படித்துக் காட்டினேன். "பாரும்மா, அப்பா எவ்ளோ ஃப்ரீயா விடறாரு" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பாப்பாவைக் குளிப்பாட்டப் போனேன்.

கறி அடிப்பிடித்தது என்று போன தடவை விளையாட்டாக எழுதினேன். நிஜத்தைச் சொல்கிறேன். வீடு கட்டியது, கேரலைக் கொடுத்தது, நீங்கள் வேலையை விட்டது, எதிலும் என்னை யாரும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பானெட்டுக்குள்ளிருந்து, "பிரிஜெட், இப்ப எப்படி?" என்பீர்கள். "இன்னும் இருமுது" என்பேன். மறுபேச்சு இல்லாமல் திருப்புவீர்கள். "இப்ப சரி" என்றால் அத்தோடு நிறுத்துவீர்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காக நான் எத்தனை கறியை வேண்டுமானாலும் கருக்கியிருப்பேன்.

வண்டி ஓடுவதில் சந்தோஷம்.

பிரிஜெட்


ஜீவனஹள்ளி
29 மார்ச் 1998

அன்புள்ள பிரிஜெட்,

பெட்டி மாட்டிய பிறகு இன்று முதல் தடவையாக ஃபியட்டை ரோட்டில் எடுத்தேன். ஓசூர் ரோட்டில் அத்திபெலே வரை. எங்கும் திணறவில்லை. அத்திபெலே செக்போஸ்ட்டுக்கு முன்னால் ஒரு லாரி என்னை முந்தி வந்து குறுக்கே நின்றது. டிரைவர் குதித்து இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினான்.

"யோவ் பெரிசு, அப்போலேருந்து ஹார்ன் அடிக்கிறேன், கேக்கலியா? சைலன்சர் கழண்டு ரோட்ல தேயுது பாரு! ஊரே திரும்பிப் பாக்குது, நீ ஹாயா போறியே!"

இறங்கிப் பார்த்தேன். உண்மைதான். அவனே கம்பி கொண்டுவந்து கட்டிவிட்டு, "கூட யாரையாவது கூட்டினு வாப்பா" என்று சொல்லிவிட்டுப் போனான். வண்டியை ஓரம் கட்டி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நீ உட்காரும் சீட் பக்கமிருந்து காற்று வந்தது. குரல் ஒன்றும் வரவில்லை.

நீ ஒரு வரி கேட்டாய். "உன் விருப்பம்" என்று எழுதியது பெருந்தன்மை என்று நினைத்தேன். வா என்று சொன்னால் உன்னைக் கட்டிப்போடுவது ஆகும் என்று நினைத்தேன். தாமதமாகிவிட்டது, தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்: வா. காதுக்காக இல்லை. வீட்டில் நீ வேண்டும்.

உன்
ஆம்ப்ரோஸ்


மஸ்கட்
14 ஏப்ரல் 1998

அன்புள்ள கேரல் அப்பாவுக்கு,

ஈஸ்டர் பூசைக்குக் கிளம்பும்போது உங்கள் கடிதம் வந்தது. கைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். திரும்பி வந்தும் ரெண்டு தடவை படித்தேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் நீங்கள் என்னை வா என்று எழுதியது இதுதான் முதல் தடவை. அழுதேன்.

அப்புறம் பாப்பாவைத் தள்ளுவண்டியில் வைத்து வழக்கம்போல் கடற்கரைக்குப் போனேன். பக்கத்து ஃபிளாட் ஜானகி வருவாள். இருட்டும் வரை நடப்போம். கோயில் பாடகர் குழுவில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். எந்தப் பாட்டு என்று என்னைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். நடக்கும்போது யோசித்தேன். இந்த வார்த்தைக்காக அந்த வீட்டில் நெடுங்காலம் காத்திருந்தேன். அது வந்து சேர்ந்தபோது எனக்கு இந்த ஊர் பிடித்துப்போயிருக்கிறது. கோபத்தில் எழுதவில்லை. கோபமாக இருந்தால் சண்டை போட உடனே கிளம்பி வந்திருப்பேன்.

சைலன்சரை நல்ல இடத்தில் வெல்டிங் பண்ணுங்கள். தனியாக மெயின் ரோட்டுக்கு எடுக்க வேண்டாம்.

டிசம்பரில் ஒரு மாதம் வருகிறேன். உங்களோடுதான் இருப்பேன், கிறிஸ்துமஸுக்குக் கல்கல் பலகாரம் நானே செய்கிறேன். ஜாய்சனிடம் ரிட்டர்ன் டிக்கெட்தான் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஏர்போர்ட்டில் வைத்துச் சொல்ல எனக்குத் தைரியம் வராது, அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பிரிஜெட்